நீர்த்தேக்கத்தின் கொள்ளளவும் அது தரக்கூடிய நீரும் ஒன்றா?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பருவமழைக் காலத்தில் பெருகி, மற்ற மாதங்களில் மெலிந்துவிடும் ஓர் ஆற்றின் குறுக்கே 15 கோடி கன மீட்டர் கொள்ளளவில் ஒரு நீர்த்தேக்கம் திட்டமிடப்பட்டிருக்கிறது. அதிலிருந்து 5 லட்சம் பேருக்குக் குடிநீரும் 20,000 ஹெக்டேருக்குப் பாசனமும் கிடைக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்த எண்கள் எந்தக் கணக்கிலிருந்து வருகின்றன, அவற்றை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வாக்களிக்கப்பட்ட நீர் உண்மையாகவே அந்த ஆற்றில் இருக்கிறதா, அது குறையும் ஆண்டில் யாருக்கு எவ்வளவு குறையும் என்பதுதான் இதன் உட்கிடை என்று எடுத்துக்கொள்கிறேன். நீரியலும் பாசனப் பொறியியலும் படித்து, இத்தகைய திட்டங்களின் நீர்க்கணக்குகளைத் தயாரிப்பதிலும் சரிபார்ப்பதிலும் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் ஆற்றின் அளவீட்டுப் பதிவுகளைப் பார்க்காமல் அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பை என்னால் தர இயலாது. எந்தக் கணக்கைக் கேட்டுப் பெற வேண்டும், அதில் எது உறுதியானது, எது ஊகம் என்பதைச் சொல்ல இயலும்.

உறுதியான ஒன்றிலிருந்து தொடங்கலாம். கொள்ளளவு என்பது ஒரே நேரத்தில் தேக்கி வைக்கக்கூடிய நீரின் அளவு; ஓராண்டில் அந்த நீர்த்தேக்கம் தரக்கூடிய நீர் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம், மிகக் குறைவாகவும் இருக்கலாம். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி); காவிரி வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, இயல்பான ஆண்டில் கர்நாடக-தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தைக் கடந்து அந்த அணையை நோக்கி வர வேண்டிய நீர் 177.25 டி.எம்.சி. ஒருபுறம் வரத்து இருக்கும்போதே மறுபுறம் பாசனத்துக்குத் திறக்கப்படுவதால், கொள்ளளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீர் ஓராண்டில் அதன் வழியே சென்றுவிட முடிகிறது. இதற்கு நேர்மாறாக, எகிப்தின் அஸ்வான் உயர் அணை நைல் நதியின் ஏறத்தாழ இரண்டு ஆண்டு நீரோட்டத்தைத் தேக்கும் அளவுக்குப் பெரியது. நல்ல ஆண்டின் நீரை வறண்ட ஆண்டுக்குக் கடத்துவது அதன் நோக்கம். ஆகவே 15 கோடி என்ற எண்ணைத் தனியாகப் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது. அந்த இடத்தில் ஆண்டுதோறும் ஆறு கொண்டுவரும் நீர் எவ்வளவு, அது எந்த மாதங்களில் வருகிறது, ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு மாறுகிறது என்பவை தெரிந்தால்தான் அந்த எண் பொருள் பெறும்.

நீர்வரத்துக் கணக்குக்கு அடிப்படை அளவீட்டுப் பதிவு. அணை கட்டப்படும் இடத்திலோ அதற்கு அருகிலோ ஆற்றின் ஓட்டம் நாள்தோறும் அளக்கப்பட்டிருக்கிறதா, எத்தனை ஆண்டுகளுக்கு அளக்கப்பட்டிருக்கிறது என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. முப்பது, நாற்பது ஆண்டுப் பதிவு இருந்தால் மனநிறைவோடு கணக்கிடலாம். பெரும்பாலான சிறிய ஆறுகளில் அவ்வளவு இருப்பதில்லை. மழைமானிப் பதிவுகள் நீண்ட காலத்துக்குக் கிடைப்பதால், மழைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பை இருக்கின்ற சில ஆண்டுகளிலிருந்து கண்டறிந்து, அளக்கப்படாத ஆண்டுகளின் ஓட்டத்தைக் கணித்து நிரப்புவார்கள். இது முறையான வழிதான். ஆனால் கணிக்கப்பட்ட எண்ணும் அளக்கப்பட்ட எண்ணும் ஒரே பட்டியலில் வேறுபாடு தெரியாமல் நின்றால், படிப்பவருக்கு இல்லாத நம்பிக்கை வந்துவிடும். குறுகிய பதிவின் விளைவு என்ன என்பதற்குக் கொலராடோ ஆறு நல்ல சான்று. 1922-இல் அந்த ஆற்றின் நீரை மேல்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் ஆண்டுக்குத் தலா 75 லட்சம் ஏக்கர் அடி (ஒரு ஏக்கர் அடி என்பது ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர்) என்று பங்கிட்டார்கள். அப்போது கையில் இருந்த பதிவுகள் வழக்கத்தைவிட மழை மிகுந்த காலத்தைச் சேர்ந்தவை என்பதைப் பிற்காலத்தில் மர வளைய ஆய்வுகள் காட்டின. ஆறு தரக்கூடியதைவிடக் கூடுதலான நீரைக் காகிதத்தில் பங்கிட்டதன் சுமையை அந்தப் படுகை இன்றும் சுமக்கிறது.

பதிவு நீளமாக இருந்தாலும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அணைக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏரிகளும் தடுப்பணைகளும் ஆழ்துளைக் கிணறுகளும் பெருகிவிட்டால், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஆற்றில் அளந்த ஓட்டம் இனி வராது. மழை குறையாமலேயே வரத்துக் குறையும். மேல்பகுதி மக்கள் இப்போது பயன்படுத்தும் நீரும், இனிப் பயன்படுத்த உரிமையுள்ள நீரும் கணக்கில் கழிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். என் அனுபவத்தில் திட்ட அறிக்கைகளில் மிகவும் மெலிந்து கிடக்கும் அத்தியாயம் இதுதான்.

அடுத்து வருவது சார்புநிலை. இந்தியாவில் பாசனத் திட்டங்களை வழக்கமாக 75 சதவீதச் சார்புநிலையில் வடிவமைக்கிறார்கள். நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளுக்காவது அந்த அளவு நீரோ அதற்கு மேலோ வரும். நான்கில் ஓர் ஆண்டு குறையும் என்பது இதன் பொருள். குடிநீருக்கு இந்த அளவுகோல் போதாது. அதற்கு 95 முதல் 100 சதவீதம் வரை கொள்வார்கள். எந்தச் சார்புநிலையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது பொறியியல் முடிவு மட்டுமன்று, பங்கீட்டு முடிவும்கூட. கிருஷ்ணா நதியின் முதல் தீர்ப்பாயம் 1973-இல் 75 சதவீதச் சார்புநிலையில் 2,060 டி.எம்.சி. என்று கணக்கிட்டுப் பங்கிட்டது. காவிரித் தீர்ப்பாயம் 2007-இல் 50 சதவீதச் சார்புநிலையில் 740 டி.எம்.சி.யை எடுத்துக்கொண்டது. 50 சதவீதம் என்றால் இரண்டில் ஓர் ஆண்டு அந்த அளவு நீர் வராது. எண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று விரும்புகிறவர் குறைந்த சார்புநிலையைத் தேர்ந்தெடுக்கலாம்; ஆகவே எந்தச் சார்புநிலை என்று சொல்லாமல் தரப்படும் நீரளவை ஏற்க வேண்டாம்.

வறண்ட ஆண்டுகள் நான்குக்கு ஒன்று என்று ஒழுங்காக இடைவெளி விட்டு வருவதில்லை என்பதும் உறுதியாகத் தெரிந்த செய்தி. நைல் நதியின் நீண்ட காலப் பதிவுகளை ஆராய்ந்த நீரியலாளர் ஹெரால்டு ஹர்ஸ்ட், நல்ல ஆண்டுகள் கூட்டமாகவும் கெட்ட ஆண்டுகள் கூட்டமாகவும் வரும் போக்கை 1951-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். தற்செயலாக ஏறி இறங்கும் ஓட்டத்தை வைத்துக் கணக்கிடுவதைவிடப் பெரிய தேக்கம் இதனால் தேவைப்படுகிறது. திரண்ட வரத்தையும் திரண்ட தேவையையும் கோடுகளாக வரைந்து கொள்ளளவைக் கண்டறியும் முறையை ரிப்பிள் என்ற பொறியாளர் 1883-இலேயே தந்துவிட்டார். இன்று அதற்குப் பதிலாக, பதிவில் உள்ள எல்லா ஆண்டுகளையும் மாதம் மாதமாக நீர்த்தேக்கத்தின் வழியே ஓடவிட்டுப் பார்க்கும் இயக்க ஆய்வு செய்யப்படுகிறது. நீங்கள் கேட்டுப் பெற வேண்டிய ஆவணங்களில் தலையாயது இந்த இயக்க ஆய்வுப் பட்டியல்.

இனி உங்கள் எண்களையே ஒரு மாதிரிக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். இவை முறையை விளக்குவதற்காக நான் எடுத்துக்கொள்ளும் அளவுகள். உங்கள் ஆற்றின் உண்மை அளவுகள் வேறாக இருக்கும். இந்திய நகர்ப்புறத் திட்டங்களில் வழக்கமாகக் கொள்ளும் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவில், 5 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 கோடி கன மீட்டர் வேண்டும். சுத்திகரிப்பிலும் குழாய்களிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்து 3 கோடி என்று வைத்துக்கொள்வோம். பாசனத்தில், மழை போகக் கால்வாயிலிருந்து பயிருக்குத் தேவைப்படுவது 400 மில்லிமீட்டர் என்றால், அது ஹெக்டேருக்கு 4,000 கன மீட்டர். கால்வாய்களில் கசிந்தது போக வயலை எட்டும் நீர் பத்தில் ஏழு பங்கு, வயலில் விட்டதில் வேர்ப்பகுதியில் தங்குவது பத்தில் ஏழு பங்கு என்றால், மதகில் திறந்த நீரில் ஏறத்தாழப் பாதிதான் பயிருக்குச் சேரும். ஆகவே மதகில் ஹெக்டேருக்கு 8,000 கன மீட்டர் திறக்க வேண்டும். 20,000 ஹெக்டேருக்கு அது 16 கோடி. இப்போது 75 சதவீதச் சார்புநிலை வரத்து 18 கோடி என்று கொள்ளுங்கள். அதில் ஆவியாதலுக்கு 1.8 கோடி, குடிநீருக்கு 3 கோடி, ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு 2 கோடி கழித்தால் மீதி 11.2 கோடி. அது 14,000 ஹெக்டேருக்குத்தான் போதும். புன்செய்ப் பயிருக்குப் பதிலாக நெல் பயிரிட்டு, கால்வாயிலிருந்து 900 மில்லிமீட்டர் தேவைப்படுகிறது என்றால், அதே நீர் 6,200 ஹெக்டேரைத்தான் நனைக்கும்.

இந்தக் கணக்கில் ஆயக்கட்டின், அதாவது பாசனம் பெறும் நிலத்தின், பரப்பை மற்ற எதையும்விட வலுவாகத் தீர்மானிப்பது பயிர்த் தேர்வு. இதிலேயே ஐயமும் மிகுதி. திட்ட அறிக்கை குறைந்த நீர் கேட்கும் பயிர்களை எழுதி ஆயக்கட்டை விரிக்கும். கால்வாயில் நீர் வந்ததும் தலைமடை உழவர்கள் விலையும் சந்தையும் உறுதியாக உள்ள நெல்லையோ கரும்பையோ பயிரிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல நியாயம் இல்லை. நீரைப் பயன்படுத்தத் தடை இல்லாத இடத்தில், கைக்கு உறுதியான வருமானம் தரும் பயிரை யாரும் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் அதன் விலையைக் கடைமடைக்காரர் தருகிறார். கொள்முதல், விலை, முறைவைத்து நீர் விடும் ஏற்பாடு ஆகியவை பற்றித் திட்டம் ஒன்றும் சொல்லாமல், பயிர்முறையை மட்டும் ஒரு பட்டியலாகத் தந்திருந்தால், அந்தப் பட்டியலை விருப்பமாகத்தான் கொள்ள வேண்டும். முன்கணிப்பாகக் கொள்ள முடியாது. சொட்டுநீர்ப் பாசனத்தால் சேமிப்பு வரும் என்ற வாதத்தையும் நிதானத்தோடு பார்க்க வேண்டும். வயலில் கசியும் நீரில் ஒரு பகுதி கீழே உள்ள கிணறுகளுக்கு ஊற்றாகிறது. அந்தக் கசிவை நிறுத்தி மிஞ்சும் நீரைப் புதிய பரப்புக்குக் கொடுத்தால், கணக்கில் சேமிப்பாகத் தெரிவது கிணற்றுக்காரருக்கு இழப்பாகலாம். எவ்வளவு திரும்பி வருகிறது என்பது மண்ணையும் பாறையையும் பொறுத்தது. கள ஆய்வு இல்லாமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆவியாதல் சிறிய செலவு அன்று. வெப்பமண்டலத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை நீர் போவது இயல்பு. வறண்ட இடங்களில் அதற்கு மேலும் போகும். மேலே நான் எடுத்த 1.8 கோடி என்பது சராசரியாக 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் 1.8 மீட்டர். 1959-இல் எகிப்தும் சூடானும் செய்த உடன்படிக்கையில் நைலின் சராசரி ஆண்டு ஓட்டமான 8,400 கோடி கன மீட்டரில் 1,000 கோடியை ஆவியாதல் முதலான இழப்புக்கென்று ஒதுக்கிவிட்டுத்தான் மீதியை எகிப்துக்கு 5,550 கோடி, சூடானுக்கு 1,850 கோடி என்று பிரித்தார்கள். இழப்பை முதலிலேயே எழுதிவைத்த அந்த ஒழுங்கு பின்பற்றத்தக்கது. ஆழம் குறைந்து பரந்து கிடக்கும் நீர்த்தேக்கத்தில் இழப்பு மிகும். ஒரே கொள்ளளவுக்கு இரண்டு இடங்கள் போட்டியிட்டால் இந்த ஒரு காரணமே ஓரிடத்தைத் தள்ளிவிடப் போதுமானதாக இருக்கும்.

வண்டலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அறிக்கைகளில் அதை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். ஆறு கொண்டுவரும் மண் முழுவதும் அணையின் அடியில், இதற்கென்று ஒதுக்கிய பயன்படாக் கொள்ளளவில் போய்ப் படியும் என்ற எண்ணம் தவறானது. பருமனான மணலும் கூழாங்கல்லும் நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதியில், ஆறு வேகம் இழக்கும் இடத்திலேயே படியத் தொடங்குகின்றன. அதாவது பயன்படும் கொள்ளளவு முதல் ஆண்டிலிருந்தே குறைகிறது. சீனாவில் மஞ்சள் ஆற்றின் சான்மென்சியா அணை 1960-இல் நீரைத் தேக்கத் தொடங்கியது. மேற்பகுதியில் மண் பாதுகாப்புப் பணிகள் வண்டலைக் குறைத்துவிடும் என்று திட்டத்தில் எதிர்பார்த்திருந்தார்கள். அது நடக்கவில்லை; சில ஆண்டுகளிலேயே தேக்கம் மோசமாகத் தூர்ந்து, மேலே உள்ள துணையாற்றின் படுகையும் உயர்ந்து வெள்ள அபாயம் ஏற்பட்டதால், அணையின் அடியில் வெளியேற்று வழிகளைத் திறந்து அதன் இயக்கத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. வண்டல் கணக்கில் உள்ள தொல்லை என்னவென்றால், ஆண்டு வண்டலில் பெரும்பங்கு ஒருசில வெள்ள நாட்களில் வந்துவிடும். அந்த நாட்களில்தான் மாதிரி எடுப்பது கடினம். எனவே அருகில் உள்ள பழைய நீர்த்தேக்கங்களில் நடந்த கொள்ளளவு மறு அளவீடுகளே நம்பத்தக்க சான்று. அணையின் அடிமட்டத்தில் வண்டலை வெளியேற்றும் வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள்; கட்டி முடித்தபின் அதைச் சேர்ப்பது மிகக் கடினம், செலவும் மிகுதி.

அணையின் பாதுகாப்பு என் நேரடித் துறையின் எல்லையில் நிற்பதால் இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறேன். பாசனத்துக்கான நீர்வரத்துக் கணக்கும் வெள்ளக் கணக்கும் வேறு வேறு; முன்னது குறைவான ஆண்டுகளைத் தேடுகிறது, பின்னது நினைவில் இல்லாத பெருவெள்ளத்தைத் தேடுகிறது. இந்தியத் தர விதிகளின்படி 6 கோடி கன மீட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள அணை, ஏற்படக்கூடிய உச்ச வெள்ளத்தைத் தாங்க வேண்டும். உங்கள் அணை அந்த வகையில் வருகிறது. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு-2 அணை, உபரிநீர்ப் போக்கியின் திறனை விஞ்சிய வெள்ளம் மண்கரை மேல் வழிந்து உடைந்து, கீழே இருந்த மோர்பி நகரை அழித்தது; மீண்டும் கட்டியபோது போக்கியின் திறனைப் பன்மடங்கு கூட்டினார்கள். இரண்டாவது, அடித்தளம். 1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை முதல் முறை நிரம்பும்போதே உடைந்ததற்கு, பிளவுகள் நிறைந்த பாறையை ஒட்டி நீர் உள்ளே புகுந்து மண்ணை அரித்ததே காரணம். துளையிட்டு ஆய்வு செய்யும் செலவைச் சுருக்குவதை எவ்வகையிலும் சிக்கனம் என்று சொல்ல மாட்டேன்.

அணை எழும்பிவிட்டால் திட்டம் முடிந்தது என்ற எண்ணமே பாசனத் திட்டங்களை அதிகம் பாதித்திருக்கிறது. பிரதான கால்வாய் வெட்டப்பட்டு, கிளை வாய்க்கால்களும் வயல் வாய்க்கால்களும் பல ஆண்டுகள் நிலுவையில் கிடப்பதை எங்கும் காணலாம். உருவாக்கிய பாசனத் திறனுக்கும் பயன்படுத்திய திறனுக்கும் இடையே இருந்த இடைவெளியைக் குறைக்கவே இந்தியாவில் 1974-75-இல் ஆயக்கட்டு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. வடிகால் இதைவிட மறக்கப்படுகிறது. சிந்து சமவெளியில் கால்வாய்க் கசிவால் நிலத்தடி நீர்மட்டம் ஏறி, நிலம் சதுப்பாகவும் உவராகவும் மாறியதால், பாகிஸ்தான் 1960-களில் பெருந்தொகையில் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து அந்த நீரை இறைக்க வேண்டியிருந்தது. உங்கள் திட்ட மதிப்பீட்டில் வடிகாலுக்கு ஒரு தனித் தொகை இல்லை என்றால், அந்தச் செலவு பிற்காலத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

நிலம் இழப்பவர்களைப் பற்றி எண்களைவிட முறையே முக்கியம். உலக அணைகள் ஆணையம் 2000-இல் வெளியிட்ட அறிக்கை, பெரிய அணைகளால் உலகெங்கும் 4 கோடி முதல் 8 கோடி வரை மக்கள் இடம்பெயர்ந்ததாக மதிப்பிட்டது. மதிப்பீட்டின் மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் இரு மடங்கு என்பதே, அவர்களை யாரும் ஒழுங்காக எண்ணவில்லை என்பதைக் காட்டுகிறது. மூழ்கும் பரப்பில் பட்டா வைத்திருப்பவர்கள் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர். குத்தகை உழவர், கூலித் தொழிலாளர், மேய்ச்சல்காரர், கால்வாய்ப் பாதையில் நிலம் இழப்பவர், அணைக்குக் கீழே ஆற்று ஊற்றையும் மீனையும் நம்பியிருப்பவர் ஆகியோரும் பட்டியலில் இருக்க வேண்டும். இவர்களுக்கான செலவு முழுமையாகச் சேர்க்கப்பட்ட பிறகும் நன்மை மிஞ்சுகிறதா என்பதே நேர்மையான கணக்கு. பொதுவாகச் செலவு மதிப்பீடுகளை நான் ஐயத்தோடு படிக்கிறேன். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 245 பெரிய அணைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உண்மைச் செலவு மதிப்பீட்டைவிடச் சராசரியாக 96 சதவீதம் கூடியிருந்தது. கட்டுமானம் சில ஆண்டுகள் நீண்டாலே நன்மை-செலவு விகிதம் தலைகீழாகிவிடலாம்.

காலநிலை மாற்றத்தில் தெளிவானதையும் தெளிவற்றதையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். வெப்பம் உயர்ந்தால் பயிரின் நீர்த்தேவையும் நீர்த்தேக்கத்தின் ஆவியாதலும் கூடும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஒரு பாகை வெப்பம் ஏறினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பதால், கனமழையின் கடுமை கூடும் என்பதும் அப்படியே. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆற்றின் ஆண்டு வரத்து கூடுமா குறையுமா என்று கேட்டால், காலநிலையைக் கணிக்கும் வெவ்வேறு கணினி மாதிரிகள் வெவ்வேறு திசையைக் காட்டுகின்றன. இத்தகைய நிலையில் ஒற்றை முன்கணிப்பை நம்பிக் கொள்ளளவை நிர்ணயிப்பதைவிட, வரத்து 10 அல்லது 20 சதவீதம் குறைந்தால் திட்டம் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்ப்பதே தக்கது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: குறையும் ஆண்டில் என்ன செய்வது? நீர் பெருகிய ஆண்டில் யாரும் சண்டையிடுவதில்லை. குடிநீருக்கென எந்த நீர்மட்டத்துக்குக் கீழே பாசன மதகு மூடப்படும், பருவத் தொடக்கத்தில் இருப்பு எவ்வளவு இருந்தால் முழு ஆயக்கட்டுக்கும் திறப்பார்கள், அதற்குக் குறைந்தால் எல்லோருக்கும் விகிதமாகக் குறைப்பார்களா அல்லது ஒரு பாதிக்கு இந்த ஆண்டும் மறு பாதிக்கு அடுத்த ஆண்டும் என்று சுழற்சி வைப்பார்களா என்பவை அணைக்கு அடிக்கல் நாட்டும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். நடைமுறையில் இதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இயக்க ஆய்வுப் பட்டியலைப் பெற்று, பதிவில் உள்ள மிக மோசமான மூன்று ஆண்டுகளை எடுத்து, ஒவ்வொரு மாதமும் நகரங்களுக்கு எவ்வளவு, தலைமடைக்கு எவ்வளவு, கடைமடைக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு சென்றதாகக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சராசரி ஆண்டுக்கான ஒரே ஒரு வரியைத் தந்து அதையே முழுக் கணக்கு என்றால், அதை ஏற்காமல் ஆண்டுவாரியான பட்டியலைக் கேளுங்கள்.